மூச்சடக்கிய சம்பா

மூச்சு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஒருவர் வார்டுக்குள் நடந்து வருகிற விதத்தைப் பார்த்தே, விரலில் ஆக்சிஜன் அளக்கிற கருவியை மாட்டுவதற்கு முன்பே, அது என்ன எண்ணைக் காட்டும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடுவேன். கூட வேலை பார்க்கிற பெண்கள் என்னோடு பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். எனக்கு இதில் பெருமைதான், மறைப்பானேன்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் திடீரென்று மூச்சு முட்டி வந்தவர்கள் அல்ல. பல வருஷம் அரிசி ஆலைத் தவிட்டுத் தூசியிலும் பீடிப் புகையிலும் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக் குறைந்து, அந்தக் குறைவுக்கே பழகிப்போனவர்கள். நீங்களும் நானும் மயங்கி விழுகிற அளவில் அவர்கள் கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார்கள். சூடான டீயை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக வெளியே விடுவார்கள். யாரும் சொல்லித்தந்ததில்லை, உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது. ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும். கிடைக்கிற கொஞ்சக் காற்றைச் சுமக்க உடம்பு கூடுதலாகச் சிவப்பணுக்களை வேலைக்கு வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

கூட வந்த உறவுக்காரர்களுக்கு இது புரியாது. எண்ணைப் பார்த்ததும் பதறி, "ஆக்சிஜன நல்லா தொறந்து விடுங்க சிஸ்டர்" என்பார்கள். நான் திறக்க மாட்டேன். குறைந்த காற்றில் வாழப் பழகிய உடம்புக்குள் ஒரேயடியாக ஆக்சிஜனைக் கொட்டினால் சிலருக்கு மூச்சு மந்தப்பட்டு மயக்கத்தில் போய்விடும். பல நாள் பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சித் தண்ணீர்தான் கொடுப்போம், பிரியாணியைத் தூக்கி வைக்க மாட்டோம். அவர்கள் முறைப்பார்கள். முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும் என்று என் வேலையைப் பார்ப்பேன்.

வார்டுக் கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் எங்கள் வயல்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில், நான் பிறந்த ஊரின் கடைசியில், வடிகாலை ஒட்டி எங்களுக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், அந்தக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா இதே வயலில் கூலிக்கு வரப்போரம் மண்வெட்டியால் அண்டை வெட்டியவர். பட்டா எங்கள் பெயருக்கு வந்தபோது அவர் இல்லை. நானும் தம்பியும் சேர்ந்து வாங்கினோம். "பள்ளக்கால் நெலத்த எவனாச்சும் வாங்குவானா" என்று ஊரே சிரித்தது. மேட்டு நிலத்தை யாரும் எங்களுக்கு விற்க முன்வரவில்லை என்பதை மட்டும் அந்தச் சிரித்த ஊர் சொல்லவில்லை.

தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தான். நிலம் வாங்கிய பிறகு, இனி விவசாயம்தான் என்று வந்துவிட்டான். அவன் வந்திறங்கிய அன்று அவன் மகள் அவனைப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். அவளுக்குத் தெரிந்த அப்பா போனுக்குள் இருக்கிறவர். அறைக்குள் நடந்து வருகிற அப்பா புதிது. அம்மாவின் போனை எடுத்து வந்து, "எங்கப்பா இதுல இருக்காங்க" என்று அவனிடமே காட்டினாள். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். தம்பி சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனான். கண் கலங்கினால் அவன் அங்கேதான் போவான்.

முதல் வருஷச் சாகுபடி சரியாக வரவில்லை. அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இன்னும் ஒரே ஒரு சம்பா. வந்தால் இங்கேயே இருப்பது, போனால் மறுபடியும் விமானம் ஏறுவது. ஏஜென்ட்டும் வாரம் தவறாமல் போன் பண்ணி, வேலை தயாராக இருக்கிறது என்றார். இதற்குள் அந்தப் பெண் குழந்தை அப்பன் நெஞ்சின்மேல் படுத்தால்தான் தூங்குவேன் என்கிற நிலைக்கு வந்திருந்தாள். அந்தச் சம்பாவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வயலில் மூன்று தாக்கு. தாக்கு என்றால் வரப்புப் போட்டுப் பிரித்த ஒரு பாத்தி வயல். மேலத்தாக்கிலும் நடுத்தாக்கிலும் தண்ணீருக்குள் மூழ்கினாலும் தாங்கும் என்று சொல்லி வேளாண் அலுவலகத்தில் கொடுத்த ரகத்தை நட்டோம், சிஆர் ஆயிரத்து ஒன்பது சப் ஒன்று. வடிகாலை ஒட்டிய கீழத்தாக்கில் மட்டும் தம்பி மடுமுழுங்கி நட்டான். பழைய ரகம், பாரம்பரிய விதை வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான். "பேருக்காகவே வாங்கிட்டு வந்தியாடா" என்று கேலி செய்தேன். "இருக்கட்டும்க்கா, மடுவையே முழுங்குமாம்" என்றான்.

கார்த்திகையில் மழை பிடித்தது. டெல்டாக்காரர்களுக்கு மழை புதிதில்லை. வடிகால் அடைத்துக்கொண்டிருந்ததுதான் பிரச்சினை. ஆகாயத்தாமரை கரைக்குக் கரை பாய் விரித்திருந்தது. மேலிருந்து வந்த தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் பள்ளத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் விடுப்புப் போட்டு ஊருக்கு வந்தேன். வந்து என்ன செய்துவிடப் போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, அதுவரை நல்லது.

முதல் நாள் வயலில் தண்ணீர் தெளிவாக இருந்தது. குனிந்து பார்த்தேன். மூழ்கிய பயிரின் ஒவ்வொரு இலை மேலும் மெல்லிய வெள்ளிப் பூச்சு தெரிந்தது. அது காற்று. நெல் இலையில் தண்ணீர் ஒட்டாது. அந்த ஒட்டாத தன்மையால் மூழ்கும்போது ஒரு சுற்றுக் காற்றைத் தன்னோடு பிடித்துக்கொண்டு போகிறது. மறுநாள் கலங்கல் தண்ணீர் வந்து அதை மூடிவிட்டது. அப்புறம் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் செம்மண் நிறத் தண்ணீரும், கோடு போட்ட மாதிரி வரப்புப் புல்லும்தான்.

அந்த நாட்களில் ஊரில் உயிருள்ளது எல்லாமே மூச்சுக்கு வழி தேடிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் காற்று இல்லாமல் மண்புழுக்கள் வெளியே வந்து வரப்பு உச்சியில் கிடந்தன, காக்கைக்கும் கொக்குக்கும் விருந்து. குளத்தில் பல நாளாக வெயில் படாததால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, காலையில் கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போல என்று நினைத்து ஒரு அம்மாள் பொரி தூவிக்கொண்டிருந்தார். பொரியை ஒரு மீன்கூடச் சீண்டவில்லை. அதே குளத்தில் விரால் மட்டும் நிதானமாக மேலே வந்து, ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, உள்ளே போனது. அதற்குச் செவுள் போதாது, வெளிக்காற்றும் வேண்டும். அந்தக் குறையே அன்று அதைக் காப்பாற்றியது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கை மூன்று நாளைத் தாண்டவில்லை. வேர் மூச்சு முட்டிச் செத்து, இலை முழுக்க உதிர்ந்தது. பக்கத்திலேயே நின்ற தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தம்பி தினமும் வரப்பில் போய் நிற்பான். தண்ணீரைப் பார்ப்பான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துகொள்வான். கீழத்தாக்கைக் காட்டி ஒரு நாள், "அக்கா, அங்க பாரு" என்றான். மடுமுழுங்கியின் நுனிகள் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தன. தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறியிருக்கிறது. மற்ற இரண்டு தாக்கிலும் ஒரு நுனிகூட இல்லை.

"பாத்தியா. பழசு எந்திரிச்சுடுச்சு. ஆபீஸ்ல குடுத்தது படுத்துடுச்சு" என்றான்.

"படுக்கலடா. மூச்சடக்கிக்கிட்டு இருக்கு."

"எத்தன நாளைக்கு அடக்கும்?"

இரண்டு வாரம் வரை என்று எழுதியிருந்தது, எங்கள் கலங்கல் தண்ணீரில் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். விதை வாங்கிய அன்றே அந்த ரகத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். மருந்துச் சீட்டைப் படிக்காமல் மாத்திரை கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. வாழைத்தார் மண்டியில் காய்களைப் பழுக்க வைக்க ஒரு வாயு விடுகிறார்களே, அதே வாயு நெற்பயிரின் உடம்பிலும் உண்டாகிறது. வெளியே நிற்கும்போது அது காற்றோடு போய்விடும். மூழ்கினால் போக இடமில்லாமல் உள்ளேயே சேரும். அதுதான் பயிருக்கு அபாயச் சங்கு. சங்கைக் கேட்டதும் சாதாரண ரகங்கள் தண்டை நீட்டி மேலே வரப் பார்க்கும். மடுமுழுங்கி மாதிரி வேகமாக நீளக்கூடியது பிழைத்துக்கொள்ளும். மற்றவை இருக்கிற சர்க்கரையையெல்லாம் நீளுவதிலேயே செலவழித்துவிட்டு, வெள்ளம் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். எங்கள் ரகம் அந்தச் சங்கைக் கேட்டும் அசையாது. வளர்ச்சியை நிறுத்தி, சேமிப்பைத் தொடாமல், இருக்கிற இடத்தில் இருக்கும். கையிருப்பை வைத்துக்கொண்டு கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிற வியாபாரி மாதிரி.

இதைச் சொன்னபோது தம்பி கேட்டான், "கடைக்காரன் உள்ள உசுரோட இருக்கானான்னு எப்படித் தெரியும்?" கேள்வி நியாயமானதுதான். கதவைத் தட்டிப் பார்க்கவும் முடியாது.

ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பிறகு பொக்லைன் வந்து வடிகாலில் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டது. தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அன்றைக்குப் பார்த்து மேகம் கலைந்து, மழைக்காலம் முடிந்து வருகிற அந்தச் சுள்ளென்ற வெயிலும் வந்தது.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். வெள்ளம் இறங்குகிறது என்று தெரிந்ததும் இன்ஜினைப் போட்டு மிச்சத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் யூரியா வீசுவார்கள். வெளுத்துப்போன பயிர் பச்சை கட்டும் என்று நம்பிக்கை. கீழண்டை வயல்காரர், எங்கள் பங்காளி, அன்று காலையிலேயே இன்ஜினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் சும்மா இருக்கிறவன் டெல்டாவில் பிறந்தவன் இல்லை. தம்பியும் எங்கள் ஆயில் இன்ஜினைத் தள்ளுவண்டியில் ஏற்றி வரப்புக்குக் கொண்டுவந்தான். தண்ணீர் போய் விழுகிற குழாயை வடிகாலில் போட்டான். உச்சி வெயில்.

"இப்ப போடாத" என்றேன்.

"ஏன்?"

"தண்ணி தானா இறங்குது. மடையை ஒரு சாண் வெட்டிவிடு, மெதுவா போகட்டும். வெயில் இறங்குற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரட்டும். அடில தண்ணி நிக்கணும். யூரியா பக்கமே போகாத."

"ஊரே இறைக்குதுக்கா."

"ஊர் இறைச்சா இறைக்கட்டும். இத்தன நாளு காத்தில்லாம இருந்த பயிர்டா. அதோட வேர்ல பாதி செத்திருக்கும். திடீர்னு இந்த வெயில்ல நிறுத்துனா இலை தண்ணி கேக்கும், வேரால குடுக்க முடியாது. காத்தே அதச் சுட்டுடும்."

"காத்து சுடுமா? காத்து இல்லாமதான சாவுது."

"இல்லாம இருந்தவனுக்கு மொத்தமா குடுத்தாலும் ஆபத்துதான். என் வார்டுல தினம் பாக்குறேன்."

தம்பி அதுவரை பொறுமையாகத்தான் இருந்தான். இதைக் கேட்டதும் பொங்கிவிட்டான். "இது உன் வார்டு இல்லக்கா. படுத்துக் கெடக்குறது பேஷண்டு இல்ல, என் பயிரு. இது போச்சுன்னா நான் போகணும். நீ பஸ் ஏறி டூட்டிக்குப் போயிடுவ. நான் பிளேன் ஏறணும்."

எனக்குச் சுருக்கென்றது. பட்டாவில் என் பெயரும் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவன் சொன்னது உண்மை. தோற்றால் இழக்கப்போகிறது அவன். கதவுக்குப் பின்னால் மறுபடியும் ஒளியப்போகிறது அவன் பிள்ளை.

அவன் குனிந்து குழாயின் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில் வரப்பில் கிடந்தது. நான் அதை எடுத்தேன். எடுத்து, வேகமாக நடந்து வீட்டுக்கு வந்து, என் பைக்குள் போட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கும்பகோணம் வந்துவிட்டேன். நடுவயதுப் பெண், கையில் இரும்பு ஹேண்டிலோடு வரப்பில் விரைந்து போனதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. பஸ்ஸில் கண்டக்டர், "பையில என்னங்க, இடிக்குது" என்றார். "மருந்து" என்றேன்.

விடுப்பு முடிந்திருந்தது. அன்று மாலை நான் வார்டில் இருந்தபோது தம்பி போன் பண்ணினான்.

"ஹேண்டில் எங்க?"

"என்கூட டூட்டிக்கு வந்திருக்கு."

கத்தினான். ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டினான். அதில் ஏழும் அவனுக்கும் சொந்தம் என்பதை மறந்துவிட்டான். அவன் நினைத்திருந்தால் யாரிடமாவது ஒரு ஹேண்டில் இரவல் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று டீக்கடையில் சொல்ல எவனால் முடியும்? அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன்.

தைரியம் என்று சொன்னேனே, அது பகலுக்கு மட்டும். லாக்கரில் அந்த ஹேண்டில் என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடந்தது. லாக்கரைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. மனிதனுக்குச் சரியானது பயிருக்கும் சரியாகுமா? படித்ததும் பார்த்ததும் ஒன்று சேர்ந்தாற்போல இருந்தது, ஆனால் நான் நெல்லுக்கு நர்ஸ் இல்லை. தப்பாகப் போனால் அந்தக் குழந்தையின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற வழக்கமும் எனக்கு இல்லை.

நான் அடுத்து ஊருக்குப் போனபோது தண்ணீர் தானாகவே வடிந்து, கணுக்கால் அளவுக்கு நின்றது. பயிர் வெளியே வந்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. வெளுத்து, சேறு பூசி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, அழுகல் நாற்றத்தோடு கிடந்தது. பக்கத்து வயலில் யூரியா போட்ட பயிர் முதலில் கொஞ்சம் பச்சை காட்டியதாம். அதற்குப் பிறகு நுனி சுருண்டு வைக்கோல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பங்காளி வரப்பில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் பயிர் நம் பயிரைவிட முன்பே நலிந்ததாகவும் இருக்கலாம். நம்முடையது மட்டும் என்ன வாழ்ந்தது?

வீட்டுக்கு வந்தேன். குட்டையான காம்பவுண்டுச் சுவர்மேல் தம்பியின் பயணப் பெட்டி, துணிப்பெட்டிதான், கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி அதைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள், "பூசணம் புடிச்சிருந்துச்சு அண்ணி. அதான்."

"போறேன்னு சொல்லிட்டானா?"

"சொல்லல. ஏஜென்ட் கிட்ட இந்த வாரம் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. நான் நாகூர் ஆண்டவருக்கு வேண்டியிருக்கேன். வேண்டிட்டுப் பெட்டியையும் கழுவுறேன். என்ன பண்றது சொல்லுங்க."

குழந்தை அந்தப் பெட்டியின் சக்கரத்தை விரலால் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் பையை வைத்துவிட்டு நேராக வயலுக்குப் போனேன். நடுத்தாக்கில் இறங்கினேன். ஒரு தூரைப் பிடித்து வேரோடு பிடுங்கினேன். பழைய வேர் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தது. சேற்றைக் கழுவிவிட்டு, அழுகின இலைகளை ஒவ்வொன்றாக உரித்தேன். உள்ளே குருத்து இருந்தது. நகத்தால் கீறினேன். வெள்ளையாக, கெட்டியாக, ஈரமாக இருந்தது. கணுவுக்குக் கீழே புது வேர், நூல் மாதிரி, நான்கைந்து விட்டிருந்தது. அதன் நுனி பளிச்சென்ற வெள்ளை, மேலே லேசாகத் துருவின் நிறம். அந்தத் துரு நல்ல அடையாளம். இலை குடித்த காற்றைத் தண்டுக்குள் இருக்கிற குழல் வழியாகப் பயிர் வேருக்கு அனுப்புகிறது. அது கசிந்து சேற்றில் உள்ள இரும்பில் பட்டால்தான் அந்த நிறம் வரும். கடைக்காரன் உள்ளே உயிரோடு இருக்கிறான், கதவையும் திறக்க ஆரம்பித்துவிட்டான். நான் சேற்றில் நின்றபடியே அழுதேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அந்தத் தூரைக் கொண்டுபோய்த் தம்பியின் கையில் கொடுத்தேன். அவன் குருத்தைக் கிள்ளினான், மோந்து பார்த்தான், புது வேரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். வெல்டிங் சரியாக விழுந்ததா என்று பார்க்கிற அதே கண். பிறகு வயலுக்குப் போய், மூன்று இடத்தில் பிடுங்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

அன்று ஏஜென்ட் போன் வந்தபோது நானும் இருந்தேன். "இல்லண்ணே. பயிர் உசுரோட இருக்கு. இப்ப வர முடியாது" என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. "எப்பன்னு தெரியலண்ணே. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்தான். தம்பி மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. உள்ளே தாளிக்கிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.

புது இலை நன்றாக வந்த பிறகுதான் உரம் போட்டோம், அதையும் பிரித்துப் பிரித்து. தை கடைசியில் அறுக்க வேண்டியது மாசி பாதி வரை தள்ளிப்போனது. முழு விளைச்சல் என்று பொய் சொல்ல மாட்டேன். சேதம் இருந்தது, மேலத்தாக்கில் ஒரு மூலை எழும்பவே இல்லை. ஆனால் வந்தது. மடுமுழுங்கி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கதிர் பாரத்தில் சாய்ந்து, அறுவடை மிஷின்காரரைப் பாடாய்ப் படுத்தியது. அதுவும் வந்தது. "சாஞ்சாலும் பழசு பழசுதான்" என்று தம்பி என்னைச் சீண்டினான். நான் ஒப்புக்கொண்டேன். காற்றில்லாத இடத்தில் பிழைக்க ஒரே வழிதான் உண்டு என்று நான் நினைத்தது தவறு. எட்டிப் போவதும் வழிதான், அடங்கி இருப்பதும் வழிதான். எந்தத் தாக்கில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு முடித்த மறுநாள் எல்லோரும் நாகூர் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தோம். நான் ஞாபகமாக லாக்கரிலிருந்து ஹேண்டிலை எடுத்து வந்திருந்தேன். அதுவரை தம்பி அதைக் கேட்கவே இல்லை, நானும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பி ஸ்டூல் போட்டுப் பரண்மேல் ஏறினான். "அந்தப் பெட்டியைக் குடு, மேல போடுறேன்" என்றான். தூக்கிக் கொடுத்தேன். இடம் பண்ண அங்கே கிடந்த ஒரு சாக்கு மூட்டையை நகர்த்தினான். அதிலிருந்து ஒரு இரும்புச் சாமான் நழுவிப் பரண் விளிம்பில் வந்து நின்றது. இன்ஜின் ஹேண்டில். பளபளவென்று கிரீஸ் தடவியிருந்தது.

என் பைக்குள் இருந்ததைத் தொட்டுப் பார்த்தேன், அது அங்கேதான் இருந்தது.

"இது எப்பலேருந்துடா இங்க கெடக்கு?"

"வாங்கும்போதே ரெண்டு குடுத்தாங்க."

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். "நீங்க பஸ் ஏறுன அன்னிக்கே எறக்கிக் கிரீஸ் போட்டாங்க அண்ணி. வாசக் கேட்டு வரைக்கும் எடுத்துட்டுப் போனாங்க. அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டு, திரும்பி வந்து மேல வச்சுட்டாங்க. அப்பறந்தான் உங்களுக்குப் போன் போட்டுக் கத்துனாங்க."

"அப்ப நான் சொன்னத நம்பித்தான் நிறுத்துனியா? அதுக்கு எதுக்குடா அவ்வளவு திட்டுன?"

"நீ சொன்னத நம்பல" என்றான் தம்பி. இன்னும் ஸ்டூல் மேல்தான் நின்றான். "நீ நிச்சயமா இருந்தா வரப்புலயே உக்காந்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்ப. தூக்கிட்டு ஓடியிருக்க மாட்ட. நீ வரப்புல போகும்போது மூச்சு வாங்குன வாங்குலயே தெரிஞ்சுபோச்சு. நீ பயந்து நான் பாத்ததே இல்லக்கா. என் பயிருக்கு என்னவிட நீ பயந்த. அதான், உன் இஷ்டம் போல விட்ருவோம்னு விட்டுட்டேன்."

குழந்தை கீழே நின்று, அப்பா இறங்கட்டும் என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தாள். அவன் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு இறங்கி வந்து அவளைத் தூக்கிக்கொண்டான். நான் பையைத் திறந்து என் ஹேண்டிலை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "நீயே வச்சுக்க" என்றான்.

அது இப்போதும் என் லாக்கரில்தான் இருக்கிறது.